அமெரிக்காவில் பழைய துணி, பழைய பாத்திரம்: எந்தக் கடைக்குப் போகலாம்?

ஒவ்வோர் ஆகஸ்டிலும் இரண்டு பெட்டிகளோடு அமெரிக்கா வந்து இறங்கும் நம் பிள்ளைகள் கேட்பது ஒரே கேள்விதான். குளிருக்குக் கோட், சமைக்கப் பாத்திரம், படிக்க மேசை, இதையெல்லாம் எங்கே வாங்குவது? வால்மார்ட்டுக்குப் போய் ஒரே நாளில் முடித்துவிடு என்பார் ஒருவர். பழைய பொருள் விற்கும் குட்வில்லுக்குப் போ, பாதிக் காசு மிச்சம் என்பார் இன்னொருவர். அதெல்லாம் எதற்கு, ஃபோனிலேயே எல்லாம் கிடைக்கிறதே என்று மூன்றாவது ஆள் சொல்வார். மூன்று பேர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. ஆனால் பழைய பொருள் விற்கும் இடங்கள் எல்லாம் ஒன்றல்ல. ஒரு கடையில் அள்ளிக்கொண்டு வரவேண்டிய பொருளை இன்னொரு கடையில் தொடவே கூடாது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பக்கத்தில் இருக்கும், தொண்டு நிறுவனம் நடத்தும் த்ரிஃப்ட் கடையில், அதாவது பழைய பொருள் கடையில், ஆரம்பியுங்கள். மற்ற வழிகள் எந்தெந்த நேரத்தில் அதைவிட மேல் என்பதைப் பார்க்கலாம்.

அதற்கு முன்னால் நம்மில் பலருக்கும் இருக்கும் தயக்கத்தைப் பேசியாக வேண்டும். "யாரோ போட்ட துணியை நாம் எப்படிப் போடுவது?" ஊரிலிருந்து அம்மா ஃபோனில் கேட்டால் பதில் சொல்ல முடியாமல் புதுசு என்று பொய் சொன்னவர்கள் நிறையப் பேரைத் தெரியும். அந்தத் தயக்கத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். இறந்தவர் துணியைப் பற்றிய பயம், தீட்டு பற்றிய எண்ணம், தானம் வாங்கும் நிலைக்கு வந்துவிட்டோமோ என்ற கூச்சம் எல்லாம் அதில் கலந்திருக்கிறது. ஆனால் நம் வீடுகளிலேயே இன்னொரு பழக்கமும் உண்டு. பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி போடாமல், நன்றாக வாழ்ந்த பெரியவர் உடுத்தித் துவைத்து மெத்தென்று ஆன வேட்டியில் சுற்றி வைப்போம். பாட்டியின் பழைய சேலையில்தான் தூளி கட்டுவோம். அக்காவின் பாவாடை தங்கைக்கு, அண்ணன் சட்டை தம்பிக்கு. பழைய துணியை எடுத்துக்கொண்டு எவர்சில்வர் பாத்திரம் கொடுத்துவிட்டுப் போகும் பாத்திரக்காரர் வராத தெரு இருந்ததா? ஆக, பழசு நமக்குப் புதிதல்ல, யாருடையது என்று தெரியாத பழசுதான் உறுத்துகிறது. அந்த உறுத்தல் துவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டதும் பெரும்பாலானவர்களுக்குப் போய்விடும். போகாதவர்கள் துணியை விட்டுவிட்டுப் பாத்திரத்தில் தொடங்கட்டும், தப்பே இல்லை.

இந்தக் கூச்சம் அமெரிக்கர்களுக்கும் இருந்ததுதான். 1897-ல் நியூயார்க்கில் சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பு நடத்திய ஆண்கள் விடுதி ஒன்றில் தங்கியிருந்தவர்கள் தள்ளுவண்டியோடு வீடு வீடாகப் போய்ப் பழைய துணிகளைச் சேகரித்தார்கள். பதிலுக்கு அவர்களுக்கு உணவும் இருப்பிடமும் கிடைத்தன. 1902-ல் பாஸ்டனில் எட்கர் ஹெல்ம்ஸ் என்ற மெதடிஸ்ட் பாதிரியார் பணக்காரப் பகுதிகளிலிருந்து சாக்கு சாக்காகப் பழைய பொருள்களை வாங்கிவந்து, சவுத் எண்ட் பகுதியில் இருந்த ஏழைக் குடியேறிகளை வேலைக்கு வைத்து, அவர்கள் கையாலேயே தைத்துச் செப்பனிட்டு விற்றார். அதுதான் குட்வில் ஆனது. சும்மா கொடுத்தால் வாங்குபவர் தலை குனிகிறது, கொஞ்சம் காசு கொடுத்து வாங்கினால் நிமிர்ந்து நிற்கிறார் என்பது அந்த ஏற்பாட்டுக்குள் இருந்த எண்ணம். எனக்கு இந்தக் கடைகளைப் பிடித்துப்போனதற்கு அதுவே முதல் காரணம். அப்புறம் காலம் மாறியது. 1960-களில் ஹிப்பி இளைஞர்கள் பாட்டி காலத்து உடைகளைத் தேடித் தேடிப் போட்டார்கள். 1990-களில் சியாட்டில் பக்கத்து கிரஞ்ச் என்ற வகை ராக் இசைக்காரர்களின் தொளதொள ஸ்வெட்டரும் கட்டம்போட்ட சட்டையும் உலகமெங்கும் பரவின. அவர்களில் ஒருவரான பாடகர் கர்ட் கோபேன் 1993-ல் எம்டிவி நிகழ்ச்சியில் போட்டிருந்த பழைய பச்சை நிற ஸ்வெட்டர், துவைக்கப்படாமல், சிகரெட் சுட்ட துளையோடு, 2019-ல் 3,34,000 டாலருக்கு ஏலம் போனது. ஏழைகளின் கடை என்று ஒதுங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அதே கடை திறக்கும் முன்பே வாசலில் நிற்கிறார்கள்.

சரி, கடைகளுக்கு வருவோம்.

தொண்டுக் கடைகள் என்று நான் சொல்வது குட்வில், சால்வேஷன் ஆர்மி, செயின்ட் வின்சென்ட் டி பால், அப்புறம் ஊருக்கு ஊர் தேவாலயமோ மருத்துவமனையோ நடத்தும் சின்னக் கடைகள். குட்வில்லை ஒரே நிறுவனம் என்று நினைத்துக்கொண்டு, அந்த ஊரில் ஒரு விலை இந்த ஊரில் ஒரு விலையா என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. உண்மையில் அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 150-க்கும் மேற்பட்ட தனித்தனி அமைப்புகள் அந்தப் பெயரில் இயங்குகின்றன. விலை, தள்ளுபடி, திருப்பி எடுக்கும் விதி எல்லாம் அந்தந்த வட்டாரத்தின் முடிவு. பல கடைகளில் டேக்கின் நிறத்தை வைத்து வாரத்துக்கு ஒரு நிறத்துக்குப் பாதி விலை வரும். அந்த வார நிறம் எது என்பதை நுழைந்ததும் கேட்டுக்கொள்ளுங்கள். காசு எங்கே போகிறது என்பதிலும் வித்தியாசம் இருக்கிறது. குட்வில் வேலைப் பயிற்சிக்கும் வேலைவாய்ப்புக்கும் செலவிடுகிறது, சால்வேஷன் ஆர்மியின் கடைகள் குடி, போதையிலிருந்து மீள்வோருக்கான இல்லங்களை நடத்த உதவுகின்றன. எல்லாம் புனிதம் என்றும் சொல்லிவிட முடியாது. மாற்றுத்திறனாளிகளுக்குக் குறைந்தபட்ச ஊதியத்தைவிடக் குறைவாகக் கொடுக்க 1938-ம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின் 14(சி) பிரிவு அனுமதிக்கிறது, சில குட்வில் அமைப்புகள் அதைப் பயன்படுத்தியதற்குக் கடுமையான விமர்சனம் எழுந்தது. அதனால் உங்கள் வட்டார அமைப்பைப் பற்றி ஒரு தடவை படித்துப் பார்ப்பது நல்லது. எனக்கு மனதுக்கு நெருக்கமானவை தேவாலயத்துக் கடைகள்தான். வாரத்தில் சில நாள்தான் திறந்திருக்கும், ஓய்வுபெற்ற பாட்டிமார் கல்லாவில் இருப்பார்கள், பிராண்டுக்காக விலை ஏற்றுவது குறைவு.

இந்தக் கடைகளின் பெரிய பலம், பொருளைக் கையில் எடுத்துப் பார்க்கலாம் என்பது. புதுத்துணிக் கடையில் விளம்பரமும் விளக்கு வெளிச்சமும் நமக்காக முடிவெடுத்துவிடும். இங்கே நாற்பது வருஷத்துச் சட்டையும் போன வருஷத்துச் சட்டையும் ஒரே கம்பியில் பக்கத்துப் பக்கத்தில் தொங்கும்போது கைக்கே தெரிந்துவிடும் எது துணி என்று. பல தடவை துவைத்த பிறகும் தையல் பிரியாமல், காலர் மடங்காமல் நிற்கும் ஒன்றைப் பார்த்துப் பழகினால், அப்புறம் புதுக்கடையில்கூட ஏமாற மாட்டீர்கள். உள்விளிம்பைத் திருப்பிப் பாருங்கள், மடித்துத் தைக்கக் கூடுதல் துணி விட்டிருக்கிறார்களா, லைனிங் முழுதாக இருக்கிறதா, கட்டம் போட்ட துணி என்றால் தையலில் கட்டங்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா.

லேபிள் படிக்கக் கற்றுக்கொள்வது தனி இன்பம். ஒரு தையல்காரியின் காலத்தையே அதில் படிக்கலாம். ஐஎல்ஜிடபிள்யூயூ என்ற பெண்கள் ஆடைத் தொழிலாளர் சங்கத்தின் முத்திரை உள்ளே தைத்திருந்தால் அந்த உடை 1995-க்கு முந்தையது, ஏனென்றால் அந்த வருஷம்தான் அந்தச் சங்கம் இன்னொன்றோடு இணைந்தது. நியூயார்க்கில் யூதப் பெண்களும் இத்தாலியப் பெண்களும், பின்னாளில் சீனப் பெண்களும் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த பெண்களும் உட்கார்ந்து தைத்த உடை அது. துவைக்கும் முறையை லேபிளில் எழுதியாக வேண்டும் என்ற விதி 1972-ல் நடைமுறைக்கு வந்தது, ஆகவே துவைக்கும் குறிப்பே இல்லாத கம்பளிக் கோட் அதற்கும் மூத்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். லீவைஸ் ஜீன்ஸின் சிவப்புப் பட்டையில் அந்தப் பெயரின் இரண்டாவது ஆங்கில எழுத்தான E பெரிய எழுத்தாக இருந்தால் பெரும்பாலும் 1971-க்கு முந்தையது, சேகரிப்பவர்கள் நூற்றுக்கணக்கில் டாலர் கொடுப்பார்கள். பின்னாளில் அதே பாணியில் செய்த நகல்களும் இருக்கின்றன என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது.

பாத்திரப் பகுதியில் நம்மவர்கள் முதலில் தேட வேண்டியது வார்ப்பிரும்பு. பென்சில்வேனியாவின் ஈரி நகரத்தில் செய்த கிரிஸ்வோல்ட், ஒஹையோவின் சிட்னி ஊரில் செய்த வாக்னர், இந்த இரண்டில் ஒரு பெயர் அடியில் இருந்தால் கீழே வைக்காதீர்கள். அந்தக் காலத்தில் உள்பக்கத்தைக் கடைந்து வழவழப்பாக்கி விற்றார்கள், இப்போது வருபவை பெரும்பாலும் சொரசொரப்பு. விளிம்பில்லாத வட்டக்கல் கிடைத்தால் அதைவிட நல்ல தோசைக்கல் அமெரிக்காவில் கிடையாது என்றே சொல்வேன். துரு இருந்தால் பயப்பட வேண்டாம், தேய்த்துக் கழுவி எண்ணெய் தடவிச் சுட்டு எடுத்தால் சரியாகிவிடும். விரிசல் இருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: தூண்டில் குண்டு வார்க்க நச்சான காரீயத்தை (lead) உருக்கிய பாத்திரங்களும் சந்தையில் உண்டு, அதனால் பழைய வார்ப்பிரும்பைக் காரீயச் சோதனை செய்துவிட்டுப் பயன்படுத்துவது நல்லது. அதே காரணத்துக்காகப் பூப்போட்ட பழைய கோரெல் பிராண்ட் தட்டுகளிலும் கவனம் வேண்டும். 2005-க்கு முந்தைய தட்டுகளை அலங்காரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று அந்த நிறுவனமே வாடிக்கையாளர்களுக்குச் சொன்னது. வெள்ளையாக, ஓவியம் இல்லாததாக எடுத்தால் கவலை குறைவு.

இனி, எடைக்குப் போடும் கடை. கடையில் சில வாரம் தொங்கியும் விற்காத பொருள்களைக் குட்வில் தன் அவுட்லெட்டுகளுக்கு அனுப்பிவிடும். ஆளுயர நீளத்தில் நீலத் தொட்டிகள், அதில் துணி, செருப்பு, பொம்மை எல்லாம் குவியலாக. பவுண்டு கணக்கில் விலை. இந்தக் கடைகளைப் பின்ஸ் (தொட்டிகள்) என்று சொன்னால் எல்லாருக்கும் புரியும். தொட்டிகளை மாற்றும்போது எல்லாரும் பின்வாங்கி வரிசையில் நிற்க வேண்டும், ஊழியர் சொல்லும்வரை கை வைக்கக்கூடாது, சொன்ன நொடியில் பாய்வார்கள். கையுறை கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், உடைந்த கண்ணாடியும் கிடக்கும். விலை என்று பார்த்தால் இதைவிட மலிவு எங்கும் இல்லை. ஆனால் அங்கே பாதிப் பேர் வாங்கி விற்பதையே தொழிலாக வைத்திருப்பவர்கள், அவர்கள் கண்ணின் வேகம் நமக்கு வராது. உங்களுக்குத் தைக்கத் தெரியும், துணியைத் துணியாகவே பார்க்கத் தெரியும், ஒரு முழுக் காலைப்பொழுது கையில் இருக்கிறது என்றால் போங்கள். குழந்தைகளை அழைத்துக்கொண்டு போக வேண்டாம்.

லாபத்துக்கு நடத்தும் கடைகளில் இரண்டு வகை. ஒன்று சேவர்ஸ், வேல்யூ வில்லேஜ் என்ற பெயர்களில் நடக்கும் பெருங்கடைகள். தோற்றத்தில் அப்படியே தொண்டுக் கடைதான், ஆனால் 2023-லிருந்து நியூயார்க் பங்குச்சந்தையில் இருக்கும் நிறுவனம் அது. தொண்டு அமைப்புகளிடமிருந்து பொருளை வாங்கி விற்கிறது, நீங்கள் கொடுக்கும் காசு நேராகத் தொண்டுக்குப் போவதில்லை. வாஷிங்டன் மாநில அரசு வழக்கறிஞர், விளம்பரத்தில் மக்களைத் தவறாக எண்ண வைக்கிறார்கள் என்று 2017-ல் வழக்குத் தொடுத்தார், 2023-ல் மாநில உச்ச நீதிமன்றத்தில் நிறுவனம் ஜெயித்தது. அடுக்கி வைக்கும் நேர்த்தியில் இவர்களை அடித்துக்கொள்ள முடியாது, அளவு வாரியாக, நிறம் வாரியாக இருக்கும், நேரமில்லாதவர்களுக்கு உதவும். விலை கொஞ்சம் கூடுதல். இன்னொரு வகை பஃபலோ எக்ஸ்சேஞ்ச், பிளேட்டோஸ் கிளாசெட் மாதிரி, ஆள்களிடம் நேரே காசு கொடுத்து வாங்கி விற்கும் கடைகள். பஃபலோ எக்ஸ்சேஞ்ச் 1974-ல் அரிசோனாவின் டூசான் நகரத்தில் தொடங்கியது. அங்கே ஏற்கெனவே ஒருவர் பார்த்துப் பொறுக்கி வைத்திருப்பதால் கிழிசல், கறை இருக்காது, ஆனால் இன்றைய மோஸ்தருக்கு ஏற்றதைத்தான் எடுப்பார்கள். நேர்முகத் தேர்வு நாளைக்கு, இன்று மாலைக்குள் ஒரு பிளேஸர் வேண்டும் என்றால் குட்வில்லில் அலையாமல் இங்கே போங்கள்.

பழைய பொருள் விற்கும் ஆப்கள் பற்றி எனக்கு இரண்டு மனம். உங்கள் அளவும் பிராண்டும் துல்லியமாகத் தெரிந்திருந்தால் த்ரெட்அப், போஷ்மார்க், ஈபே மூன்றையும் மிஞ்ச எதுவும் இல்லை. ஏற்கெனவே போட்டுப் பார்த்த அதே ஜீன்ஸ், அதே ஷூ இன்னொரு ஜோடி வேண்டும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு அங்கே வாங்கலாம். ஈபேயில் விற்றுமுடிந்தவற்றின் விலையைத் தனியாகப் பார்க்கலாம் என்பதால், கடையில் நின்றுகொண்டே ஒரு பொருளின் உண்மை மதிப்பைத் தெரிந்துகொள்ளவும் அது பயன்படும். ஆனால் போஷ்மார்க்கில் அளவு சேரவில்லை என்பதற்காகத் திருப்பிக் கொடுக்க முடியாது. அனுப்பும் செலவைச் சேர்த்தால் பதினைந்து டாலர் சட்டை புதுச்சட்டை விலையை எட்டிவிடும். குட்வில்லின் ஏலத் தளம் 1999-லிருந்து நடக்கிறது. நல்ல கேமரா, கிட்டார், நகை எல்லாம் இப்போது அங்கே போய்விடுவதால்தான் கடை அலமாரிகள் முன்னைப்போல் இல்லை என்று பழைய ஆள்கள் புலம்புகிறார்கள், அந்தப் புலம்பல் நியாயமானதுதான். எதிர்பாராத ஒன்று கண்ணில் படுவதற்கு ஆப்பில் வழியே இல்லை. தேடியதைத்தான் காட்டும், தேடத் தெரியாததைக் காட்டாது.

மேசை, நாற்காலி, அலமாரிக்கு ஹேபிடட் ஃபார் ஹ்யூமானிட்டி நடத்தும் ரீஸ்டோர் கடைகளைப் பாருங்கள், வீடு கட்டிக்கொடுக்கும் தொண்டு அமைப்பு அது. கெட்டி மர மேசை, புதுசாக வாங்கும் அட்டைப் பலகை மேசையின் விலைக்கே கிடைக்கும். அல்லது காசே கொடுக்காமல், 2013-ல் வாஷிங்டன் மாநிலத்தில் தொடங்கிய பை நத்திங் குழுக்களில் கேட்டுப் பாருங்கள், பக்கத்துத் தெருக்காரரே கொடுப்பார், புது ஊரில் அறிமுகமும் கிடைக்கும். பாஸ்டனில் செப்டம்பர் 1-ம் தேதி வாடகை ஒப்பந்தங்கள் மொத்தமாக மாறும் நாளில் ஆல்ஸ்டன் பகுதி முழுக்க நடைபாதையில் சாமான்கள் குவியும். அங்கே மர நாற்காலி எடுங்கள். மெத்தையும் சோபாவும் வேண்டவே வேண்டாம், மூட்டைப்பூச்சி வீட்டுக்குள் நுழைந்தால் மிச்சம்பிடித்த காசைப்போல் பல மடங்கு போய்விடும். வாங்கிவந்த துணியையும் முதலில் உலர்த்தும் இயந்திரத்தில் அதிகச் சூட்டில் அரை மணிநேரம் ஓட்டிவிட்டுத்தான் அலமாரியில் வைக்க வேண்டும். குழந்தைகளின் கார் இருக்கை, ஹெல்மெட் இரண்டையும் பழசாக வாங்காதீர்கள், விபத்தில் அடிபட்டதா என்று வெளியே தெரியாது. பக்கவாட்டுக் கம்பி இறங்கும் தொட்டில்களின் விற்பனையை 2011-லேயே அமெரிக்கா தடை செய்துவிட்டது, வீட்டு வாசலில் பழசை விற்கும் கராஜ் சேல்களில் இன்னும் தலைகாட்டும்.

ஒரு கேள்வி அடிக்கடி வரும்: நல்ல சம்பளம் வாங்கும் நாம் அங்கே போய் வாங்கினால் ஏழைக்குப் போக வேண்டியதைப் பறிக்கிறோமா? பொதுவாக இல்லை என்பதே என் பதில். வந்து சேரும் துணியில் கடையில் விற்பது ஒரு பங்குதான். மிச்சம் அவுட்லெட்டுக்கும், அங்கிருந்து பொதிகளாகக் கட்டிக் கப்பலுக்கும், குப்பைமேட்டுக்கும் போகிறது. 2018-ல் மட்டும் அமெரிக்காவின் குப்பை நிலங்களில் 1 கோடியே 13 லட்சம் டன் துணி கொட்டப்பட்டதாக அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமை கணக்கிட்டது. கப்பலேறியவை கானாவின் அக்ரா நகரத்துக் கன்டமன்டோ சந்தையில் போய்க் குவிகின்றன. நம் பானிபட்டில் வெளிநாட்டுக் கம்பளித் துணிகளைக் கிழித்து நூலாக்கிப் போர்வை நெய்கிறார்கள். தட்டுப்பாடு துணியில் இல்லை, தரமான சிலவற்றில்தான் இருக்கிறது: பெரிய அளவு உடைகள், குழந்தைகளின் குளிர்க்கோட், பூட்ஸ். வாங்கி விற்பவர்கள் அவற்றை அலமாரியோடு வழித்தெடுப்பதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வரும். நமக்கு ஒன்று வேண்டும் என்றால் ஒன்று எடுப்போம். மலிவு என்பதற்காக நான்கு எடுத்து அடுத்த வருஷம் அதே கடையில் கொண்டுபோய்ப் போடுவதாக இருந்தால், ஆப்பில் ஐந்து டாலர் புதுச்சட்டைகளை வாங்கிக் குவிப்பவருக்கும் நமக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

புதுசாகவே வாங்க வேண்டியவையும் உண்டு, அதை மறைக்க வேண்டாம். உள்ளாடை, காலுறை, தலையணை, பிரஷர் குக்கர். குக்கரின் வால்வும் கேஸ்கெட்டும் எந்த நிலையில் இருக்கின்றன என்று பழசில் சொல்ல முடியாது, ஊரிலிருந்தே கொண்டுவந்துவிடுங்கள். ஓடுவதற்கான ஷூவும் புதுசுதான், இன்னொருவர் கால் பதிந்த அடிப்பாகம் நம் காலுக்குப் பொருந்தாமல் போகலாம்.

ஆகஸ்டில் வருபவர்களுக்குக் கடைசியாக ஒன்று. முதல் வாரத்தில் தொண்டுக் கடைக்குப் போய்ப் பாத்திரமும் விளக்கும் வாங்குங்கள், அந்த நடையிலேயே கோட் பகுதியையும் பார்த்துவிடுங்கள். வெயில் கொளுத்தும்போது கோட்டைத் தேடுபவர்கள் குறைவு, அக்டோபர் வந்தால் ஹாலோவீன் வேஷத்துக்காகக் கடையே நிரம்பி வழியும், முதல் பனி விழுந்ததும் நல்லவை போய்விடும். துணி மாற்றும் அறையைக் கொரோனாவுக்குப் பிறகு பல கடைகள் திறக்கவே இல்லை, அதனால் மெல்லிய டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு போய் மேலேயே மாட்டிப் பாருங்கள். உள்ளே ஒரு ஸ்வெட்டர் போடும் அளவுக்குத் தோளில் இடம் இருக்க வேண்டும், ஜிப்பை அடிவரை இறக்கி ஏற்ற வேண்டும், பைகளுக்குள் கைவிட்டு ஓட்டை பார்க்க வேண்டும். மினசோட்டா, மிச்சிகன் பக்கம் போகிறவர்கள் தொடைவரை நீளமாக, தலைமூடியோடு இருப்பதாக எடுங்கள். டெக்சாஸ் போகிறவர்களுக்கு ஒரு கம்பளி ஸ்வெட்டரும் காற்றைத் தடுக்கும் மெல்லிய ஜாக்கெட்டும் போதும்.